காற்றுக்கு நாற்பதாயிரம்

சமையலறை ஜன்னல் வழியாக மதியத்தில் வரும் காற்றுக்கு அண்ணன் போட்ட விலை நாற்பதாயிரம்.

“காத்துக்கா?” என்றாள் தங்கை. அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

“பின்னே? இந்தத் தெருவுல வேற எந்த வீட்டுலயாவது இப்படி ஒரு காத்து வருதுன்னு காட்டு, சும்மாவே தரேன்.”

அப்பா விட்டுப்போன வீடு. ஆளுக்குப் பாதி. அண்ணன் கல்யாணமானதும் ஊரின் மறுகோடிக்குக் குடிபோய்விட்டான். இங்கே இருப்பது தங்கையும் அவளுடைய மூன்று தையல் மெஷின்களும்தான், முன்னறைதான் கடை. இப்போது அண்ணனுக்குத் தன் கடைக்குச் சொந்தமாக ஓர் இடம் வாங்க ஆசை வந்துவிட்டது. தன் பாதிக்குப் பதின்மூன்று லட்சம் கேட்டான். வங்கி அவளுக்குத் தரச் சம்மதித்த கடனோ பத்து லட்சம். அதற்கு மேல் ஒரு நூல்கூட நீளாது. அடுத்த வாரம் தரகர் ஓர் ஆளை அழைத்து வருகிறார், மொத்த வீட்டையும் விலை பேச. அதற்குள் அவள் வாங்காவிட்டால் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வாடகைக்கு இடம் தேட வேண்டியதுதான்.

அண்ணன் பழைய மரச்சாமான் வியாபாரி. கடைத்தெருவில் அவனுக்குப் ‘பாதிவிலை’ என்று பெயர். யார் எதை விற்க வந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கேட்டதில் பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பான். அதே நாற்காலி அவன் கடைக்குள் போய் ஒருமுறை துடைக்கப்பட்டுவிட்டால் அரசர் உட்கார்ந்த நாற்காலி ஆகிவிடும்.

அப்பாவும் வியாபாரிதான். பிள்ளைகளுக்கு அவர் போட்ட ஒரே சட்டம், கேக்கை ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது. வெட்டியவர் வாயே திறக்கக் கூடாது. அண்ணன் அன்று வெட்டிய துண்டுகளைத் தராசில் வைத்தால் முள் அசைந்திருக்காது.

“பத்துக்கு முடிச்சுக்கோ அண்ணா.”

“ஊசி,” என்றான். தையல்காரத் தங்கைக்கு அவன் வைத்த பெயர் அது. “நீ தங்கச்சிங்கிறதாலதான் பதிமூணு. வெளியாளுக்குப் பதினாலு.”

சொல்லிக்கொண்டே துணி வெட்டும் மேசையை விரலால் தட்டினான். குனிந்து காலைப் பார்த்தான். “ஆடுது. முந்நூறுக்கு மேல போகாது.”

“அதை யார் விக்கிறேன்னு சொன்னா?”

“சும்மா சொன்னேன்.”

“முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்பவே சோபாவுக்கு விலை சொன்ன மனுஷன்,” என்றாள் அண்ணி. கணக்கு எழுத அவளும் கூட வந்திருந்தாள்.

தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மனத்துக்குள் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

“சரி அண்ணா. எனக்குக் கட்டுப்படியாகாது. என் பாதியை நீயே வாங்கிக்கோ. உன் பாதிக்குச் சொன்ன அதே பதிமூணு.”

அண்ணனுக்குள் இருந்த விற்கிறவன் உள்ளே போனான். வாங்குகிறவன் வெளியே வந்தான். புருவம் தானாகச் சுருங்கியது.

“பதிமூணா? இந்தச் சுவரைப் பாரு, ஓதம். எண்பதாயிரம் கழி.”

அண்ணி எழுதினாள்.

“படிக்கட்டு முனகுது. அம்பது. குளியலறைக் கதவு மூடவே மாட்டேங்குது. இருபது.”

“அந்தக் கதவை உதைச்சு உடைச்சதே நீதான்!”

“யார் உடைச்சா என்ன? உடைஞ்ச கதவு உடைஞ்ச கதவுதான். பக்கத்து வீட்டுப் பையன் டிரம் அடிக்கிறான், அதுக்கு ஒரு லட்சம். என் காதுக்கு அது குறைச்சல்.”

“அப்போ காத்து?” என்றாள் தங்கை பணிவாக.

“காத்தா அது? தூசி! பாத்திரத்தை எல்லாம் உருட்டிவிடுது. அதுக்கு நாற்பது.”

அண்ணி கூட்டிக் கழித்தாள். “பத்து லட்சத்துப் பத்தாயிரம்.”

தங்கை மனத்துக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் பத்தாயிரம். அவளே வாயைத் திறந்தாள். “மறைக்க மாட்டேன் அண்ணா. சமையலறைக் குழாய் ஒழுகுது.”

“பார்த்தியா! நான் கவனிக்கலையே! பத்தாயிரம் கழி. பத்து. இதுக்கு மேல இந்தப் பாதி வீடு பெறாது.”

“முடிவா?”

“நான் சொன்னா சொன்னதுதான். வேணும்னா கடைத்தெருவுல கேட்டுப் பாரு.”

“சரி. நீ வெட்டிட்ட,” என்றாள் தங்கை. “எடுக்கிறது நான். பத்து லட்சத்துக்கு உன் பாதியை நான் வாங்கிக்கிறேன்.”

பக்கத்து வீட்டு டிரம்கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

அண்ணன் ஓதச் சுவரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கடைசியில் தங்கையைப் பார்த்தான். “அது... நான் வாங்குற விலைடி.”

“கேக்குக்கு ரெண்டு விலை உண்டா?”

முதலில் சிரித்தது அண்ணிதான். பென்சில் கையிலிருந்து நழுவி உருண்டது. “கடைத்தெரு பூரா சொல்லப்போறேன். பாதிவிலைக்காரரோட பாதியையே ஊசி தைச்சுட்டா!”

“நீ யார் பக்கம்?”

“கணக்குப் பக்கம். கடை இடத்துக்கு ஒன்பதரை லட்சம்தான் வேணும்னு நேத்து சொன்னது யாரு?”

அண்ணன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றான். மீசை துடித்தது. பிறகு மேசை நிஜமாகவே ஆடும் அளவுக்கு அதில் அறைந்து சிரித்தான். “அந்த ஒழுகுற குழாய்! அதுலதான் விழுந்துட்டேன். அப்பா இருந்திருந்தா உன்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டிருப்பார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். தங்கை அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். தரகருக்கு அண்ணனே போன் போட்டு, வீடு விற்றுப்போய்விட்டது என்று பெருமையாகச் சொன்னான், ஏதோ லாபம் பார்த்தவன் போல.

பத்திரம் பதிவான பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஒரு தச்சரோடும் புதுக் கதவோடும் வந்தான். கதவை மாட்டச் சொல்லிவிட்டுச் சமையலறை ஜன்னலடியில் பாய் விரித்துப் படுத்தான். தூசிக் காற்று அடித்தது. பாத்திரம் உருண்டது. அவன் குறட்டை விட்டான்.

கூட வந்த அண்ணி, அன்று எழுதிய பழைய தாளைத் திருப்பி வைத்துக் கணக்கு முடித்தாள்.

வீட்டில் பாதி: பத்து லட்சம். வந்தது: பத்து லட்சம்.
கதவு: உடைத்தவர் செலவு. தீர்ந்தது.
காற்று: விற்கும்போது கேட்டது நாற்பதாயிரம், வாங்கும்போது கழித்தது நாற்பதாயிரம். நேர்.
அதே காற்றில் ஞாயிறு மதியத் தூக்கம்: அண்ணன் பாக்கி.