மணிக்கூண்டுச் சங்கிலி

கோட்டைக்கு ஐம்பத்திரண்டு பூட்டு. யார் பூட்டினாலும் சரி, பின்னாலேயே போய் ஒரு தரம் இழுத்துப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். குன்றின் மேல் இருக்கும் அந்தப் பழைய கோட்டையின் காப்பாளர் அவள். பூட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, இருபது வருஷமாகக் கை அப்படிப் பழகிவிட்டது.

மணிக்கூண்டு அவள் தம்பியின் பொறுப்பு. ஐம்பது வயதுத் தம்பி. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பான், எண்ணெய் விடுவான், கோடை இசை விழா நடக்கும் நாட்களில் மணி அடிக்காமல் நிறுத்தி வைப்பான். போன வருஷம் நிறைவு நாளில், வயலின் மெலிந்து மெலிந்து மூச்சுக்காற்றாகப் போய்க்கொண்டிருந்த நேரம் பார்த்து, தலைக்கு மேலே டாங் டாங்கென்று ஏழு அடித்துத் தொலைத்தது. நானூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நிறுத்தினேன், நிறுத்தினேன் என்று அவன் சத்தியம் செய்தான். யார் நம்பினார்கள்? கூடப் பிறந்தவளே நம்பவில்லை. அவள் குழம்பில் உப்புப் போட மறந்தால்கூட, "மணியை மறந்தவன்தானே நீ, பேசாம சாப்பிடு" என்று அவனைத்தான் குத்துவாள். வருஷம் பூராவும் இதே பாட்டு.

இந்த வருஷமும் அடித்தால் கூண்டுச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டியதுதான் என்று விழாத் தலைவரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கடிகாரத்தை விட்டால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

இன்று நிறைவு நாள். அதே வயலின்கார அம்மா, அதே பாட்டு. முற்றத்தின் கடைசிக் கல் பெஞ்சில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இடுப்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு குஷனைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழுக்கு இன்னும் பத்து நிமிஷம்.

"நிறுத்திட்டியாடா?" என்று பத்தாவது தடவையாகக் கிசுகிசுத்தாள்.

"மதியமே நிறுத்திட்டேன்க்கா. சங்கிலியை ஒரு இழுப்பு, அவ்வளவுதான்."

"நல்லா மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கும். மறுபடி இழுத்தா விட்டுடும், மணி அடிக்க ஆரம்பிச்சிடும். ரெண்டு வருஷம் முன்னாடி மெக்கானிக் புதுசா போட்டது அப்படித்தான்."

"இதை எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? திட்டத்தானே செஞ்ச."

அவள் கூண்டை அண்ணாந்து பார்த்தாள். சரியாக மாட்டியிருக்கிறானா என்று ஆறேகாலுக்கு அவளே மேலே போய்ச் சங்கிலியை இழுத்துப் பார்த்திருந்தாள். போன வருஷம் இதே நாளிலும் அப்படித்தான் இழுத்துப் பார்த்தாள்.

குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா?"

"இதோ வரேன். நீ கேளு."

தொண்ணூற்று மூன்று படி. முப்பதாவது படியில் முழங்கால் கெஞ்சியது, அறுபதாவது படியில் மூச்சு கெஞ்சியது. தன்னையே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு ஏறினாள். மேலே போனபோது ஏழுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. சங்கிலி சாதுவாகத் தொங்கியது. கை தானாக அதைப் பிடித்தது, அப்படியே நின்றுவிட்டது. ஆறேகாலுக்கு இழுத்தது ஒரு தரமா, இரண்டு தரமா? சில பூட்டுகளுக்கு அவள் இன்னொரு இழுப்பும் போடுவாள். சங்கிலி போய் மாட்டும் பெட்டி மூடிக் கிடக்கிறது, உள்ளே மாட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்க்க வழியில்லை.

பல்சக்கரம் கர்ரென்றது. சுத்தியல் மெல்ல எழுந்தது. அவள் சங்கிலியை விட்டுவிட்டு, குஷனை மணியோடு சேர்த்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொத்.

ஏழு தடவை பொத். ஐந்தாவதில் குஷன் கிழிந்து பஞ்சு பறந்தது. கீழே வயலின் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தலையும் நிமிரவில்லை.

அவள் இறங்கி வந்தபோது கைதட்டல் ஓய்ந்து, தலைவரம்மா தம்பியிடம் வந்து நின்றிருந்தார். "இந்த வருஷம் மறக்கல போலிருக்கே. சந்தோஷம்."

அவன் பரிசு வாங்கினவன் மாதிரி தலையை ஆட்டினான். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு தாங்கவில்லை.

"போன வருஷமும் இவன் மறக்கலைங்க. நான்தான் பின்னாடியே போய் இழுத்து விட்டுட்டேன். இன்னைக்கும் இழுத்தேன்."

தலைவரம்மா அவள் தலையிலிருந்த பஞ்சைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "அப்ப சாவி இவர்கிட்டயே இருக்கட்டும். நீங்க மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீங்க."

அவர் போன பிறகு தம்பி அவள் தலையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துப் போட்டான். "ஒரு வருஷத் திட்டுக்கா அது" என்றான்.

"திருப்பித் திட்டுடா. வாங்கிக்கறேன்."

அவன் யோசித்துப் பார்த்தான். "எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

கூட்டம் இறங்கிப் போனது. சுவரில் பகல் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. அவன் பெரிய கதவைப் பூட்டினான். அவள் கை எழுந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பத்தடி போயும் பின்னால் செருப்புச் சத்தத்தைக் காணோம். திரும்பினால், அவன் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"நீ இழுத்துப் பார்க்கலைன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்குக்கா."