மயக்க நாற்காலி

மகளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள் அம்மா. தையல் ஆலையின் கடைசி மேசையில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. மகள் காலர் தைக்கும் வரிசையில். மெஷின்மேல் அப்படியே கவிழ்ந்துவிட்டாள். ஏழாம் மாதம். நல்லவேளை, ஊசி ஓடாத நேரம். ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள், இன்னொருத்தி சோடா வாங்கி வந்தாள். யாரும் பதறவில்லை. அந்தக் கூடத்தில் அதற்கெல்லாம் பதறுவதை விட்டு நாளாகிவிட்டது.

"மகாராணி சிம்மாசனம் ஏறியாச்சா?" என்று பொத்தான் வைக்கிறவள் தலையைத் திருப்பாமலே கேட்டாள். "சீக்கிரம் எறங்கச் சொல்லுங்கக்கா. எனக்கும் கண்ணை இருட்டிக்கிட்டு வருது." அவளுக்கு ஐந்தாம் மாதம். வரிசை முழுக்கச் சிரித்தது. வேறு நாளாயிருந்தால் அம்மாவும் சிரித்திருப்பாள்.

சுவரோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்றே போட்ட நாற்காலி அது. இந்த மகளை அவள் சுமந்தபோது அங்கே கால் ஆடுகிற ஒரு ஸ்டூல் இருந்தது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. போன வருஷம் மெத்தையும் கைப்பிடியும் வைத்த இது. முதலாளியே வந்து ரிப்பன் வெட்டினார். படமெடுத்தார்கள். படத்தில் இவளும் இருக்கிறாள், கைதட்டிக்கொண்டு.

பிளாஸ்டிக் நாற்காலிக் காலத்தில் சட்டைக்குக் கை தைக்கிற ஒருத்தி அதில் அடிக்கடி வந்து உட்காருவாள். எப்போதும் சிரித்த முகம். பிரசவத்துக்குப் போன இடத்தில் ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். உடம்பில் இருந்ததே கொஞ்சம், அதுவும் போனால் என்ன செய்வது என்றார்களாம் ஆஸ்பத்திரியில். அடுத்த வாரமே அவள் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று டாக்டரம்மா மகளிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். ரத்தம் ரொம்பக் குறைவு, மாத்திரையை நம்பிக்கொண்டிருக்க நாளில்லை, இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், நாளை மத்தியானமே வந்துவிடுங்கள் என்றார். வெளியே பெஞ்சு நிறைய வயிறுகள். அத்தனை பேருக்கும் அதே பேச்சுதான். திரும்பும்போது பஸ்ஸில் மகள் அழுதாள். எல்லாருக்கும் இருக்கிறதுதானே, இதற்குப் போய் அழுவார்களா என்று இவள்தான் தேற்றினாள்.

சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பேருக்கும் கேட் பாஸ் வேண்டும் என்று அவள் கேட்டதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். இது சரக்கு ஏற்றுகிற வாரம், அடுத்த வாரம் தாராளமாகப் போகலாம் என்றார். வேண்டுமானால் பெண் சாயங்காலம் வரை நாற்காலியிலேயே இருக்கட்டும், கூலி பிடிக்க மாட்டேன் என்றும் சொன்னார். இவள் நகரவில்லை.

"எல்லாருக்கும் இருக்கறதுதான்க்கா இது. அதுக்குத்தானே மெத்தை வெச்சே போட்டுக் குடுத்திருக்கோம்."

நேற்று பஸ்ஸில் அவள் சொன்ன அதே சொல். இன்னொருவர் வாயில் கேட்கும்போதுதான் அது அவளைச் சுட்டது.

"எல்லாருக்கும் இருந்துட்டா அது நோயில்லன்னு ஆயிடுமா தம்பி?" குரல் உயரவில்லை. "இவ என் வயித்துல இருந்தப்ப ஸ்டூல் போட்டீங்க. இவ வயித்துல ஒண்ணு இருக்கறப்ப மெத்தை போட்டிருக்கீங்க. அது வளந்து வந்து உக்கார்றதுக்கு என்ன போடப் போறீங்க?"

பொத்தான் மெஷின் நின்றது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. கத்தரிக்கோலை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு, மகளைத் தோளோடு அணைத்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

வாசலில் காவலாளி பாஸ் கேட்டார். அது இல்லாமல் விட்டால் தன் வேலை போய்விடும் என்றார். பொய்யில்லை. அவளுக்கு அவரோடு சண்டை ஒன்றும் இல்லை. மகளின் முகத்தை வெயில் பக்கம் திருப்பி, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினாள்.

"நீங்களே பாருங்கண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் துவைத்துக் காயப்போட்ட துணிபோல வெளுத்துக் கிடந்தது. நிமிர்ந்து, கூடத்தின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ப்பாளில் கை வைத்தவர் அப்படியே நின்றார். அவள் விரலை எடுக்கவில்லை. கண்ணில் நீர் கோத்து வழிய, மகள் இமைக்காமல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.