நனையாத தலை

பேரருவிக்குள்ளிருந்து கப்பலின் ஊதல் கேட்டது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஐம்பத்து நான்காம் வருடம் ஆனி மாதம், சாரல் பிடித்த முதல் வாரம். குளித்துக்கொண்டிருந்த கூட்டம் மலையில் வெள்ளம் இரைகிறது என்று பயந்து, பெண்கள் ஈரச் சேலையோடும் ஆண்கள் வழியும் எண்ணெயோடும் கரைக்கு ஓடியது. ஓடாமல் நின்றவர் தென்காசி சிவசைலம் ஒருவர்தான். அருவி விழுகிற இடத்திலிருந்து அவர் நிதானமாக நடந்து வெளியே வந்தார். இடுப்பு வேட்டி காய்ந்திருந்தது. காலையில் பூசிய விபூதி கலையாமல் நெற்றியில் இருந்தது. தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெண்கள் பக்கத்தில் மாற்றுத் துண்டோடு நின்றிருந்த அவர் மனைவி இராமலட்சுமி அந்தத் தலையைப் பார்த்தபிறகுதான் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

அவர் அன்று குளிக்கப் போகவில்லை. மூத்த மகள் முத்துவடிவைத் தலை முழுகப் போயிருந்தார். பெற்ற பிள்ளை குலத்துக்கு ஒவ்வாத காரியம் செய்துவிட்டால், செத்தவர்களுக்கு முழுகுவது போல அந்தப் பிள்ளைக்காக முழுகி, இனி அப்படி ஒருத்தி எனக்கு இல்லை என்று கரையேறுவது அந்தக் குடும்பங்களின் வழக்கம். முழுகிவிட்டால் முடிந்தது. அந்தப் பிள்ளை வீட்டு நிலைப்படி ஏற முடியாது, அப்பன் செத்தாலும் சொல்லிவிட மாட்டார்கள். சிவசைலத்தின் அண்ணன் நெல்லையப்பன் உறவுக்காரர்களை வண்டி கட்டி அழைத்து வந்து சாட்சிக்கு நிறுத்தியிருந்தார். தம்பி காய்ந்த தலையோடு வருவதைப் பார்த்து அவருக்கு ரத்தம் ஏறியது.

"என்னலே இது, மொட்டப் பாறை மாதிரி வந்து நிக்கே? போலே, திரும்பப் போய் நில்லு."

சிவசைலம் போய் நின்றார். திரும்பவும் ஊதல் கேட்டது. தண்ணீர் அவர் உச்சிக்கு ஒரு சாண் மேலே இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் விழுந்ததை இந்தத் தடவை எல்லோரும் பார்த்தார்கள்.

"தலை நனையுத வரைக்கும் அவ ஒம்மவதாம்லே! அதை நல்லா ஞாபகம் வச்சுக்கோ!" என்று நெல்லையப்பன் கத்தினார். திட்டுவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

இவ்வளவுக்கும் காரணம் அந்த வருடத்துக் கோடை விடுமுறை. குற்றாலத்தில் சிவசைலத்துக்கு ஒரு வீடு இருந்தது. சீசனுக்கு மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் அதில் வந்து தங்குவார்கள். ஊரே நம் ஊருக்கு விடுமுறைக்கு வருகிறது, நாம் எங்கேயும் போனதில்லையே என்று அவருக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய் ஒரு மாதம் இருந்து வருவதென்று முடிவு செய்தார். கல்யாணம், சாவு, கோயில், கோர்ட் இவை எதுவும் இல்லாமல் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பும் வழக்கம் தென்காசியில் அன்று கிடையாது. "அங்கன யாரு செத்துட்டா அண்ணாச்சி?" என்று தெருவில் கேட்டார்கள். "யாரும் சாகலை, சும்மா கடலைப் பாக்கப் போறோம்" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. இராமலட்சுமி, கப்பலில் குமட்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, புளியங்குடியிலிருந்து ஒரு பை எலுமிச்சம்பழம் வரவழைத்துக்கொண்டாள். அந்த வாரம் அங்கே பழத்தின் விலை இறங்கியிருந்தது.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. படகில் வெகுதூரம் போய், ஆடுகிற ஏணியில் ஏற வேண்டும். ஏறிய சிறிது நேரத்தில் மேல்தளம் முழுக்க ஓங்கரிப்புச் சத்தம். இருபது வயது முத்துவடிவு மட்டும் ஊஞ்சலில் நிற்பவள் மாதிரி நின்றுகொண்டு, சுருண்டு கிடந்தவர்களுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டு போனாள். கடைசியாக ஒரு பழத்தை வாங்கிக்கொண்டவன் கப்பலிலேயே சீட்டுப் பரிசோதிக்கும் குமாஸ்தா, காயல்பட்டினத்துத் துல்கர்னைன். மூன்று வருடமாகக் கப்பலில் வேலை பார்த்தும் அவனுக்குக் குமட்டல் நின்றபாடில்லை. "கப்பல்காரருக்கே இந்தக் கதின்னா நாங்க என்ன செய்ய?" என்று முத்துவடிவு கேட்டாள். "நீங்க பழம் கொடுங்க, போதும்" என்றான் அவன். பக்கத்தில் படுத்திருந்த இராமலட்சுமிக்கு இது காதில் விழுந்தது. தலை சுற்றலில் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொழும்பில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. அந்த மாதம் முழுவதும் மாலை நேரங்களில் சிவசைலம் முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் நின்று, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இராமலட்சுமி அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. கப்பல் கொழும்புக்கு வந்த நாட்களில் துல்கர்னைனும் அந்தக் கடற்கரைப் பக்கம் தென்பட்டான். திரும்புகிற நாளில் முதல் ஊதல் கேட்டதும் எல்லோரும் கப்பலேறினார்கள். இரண்டாவது ஊதலில், எலுமிச்சைப் பையை மறந்துவிட்டேன் என்று முத்துவடிவு இறங்கிப் போனாள். மூன்றாவது ஊதலில் கப்பல் நகர்ந்தது. துறைமேடையில், கப்பல் வேலையை விட்டு இறங்கிவிட்ட துல்கர்னைனுக்குப் பக்கத்தில், கையில் பை எதுவும் இல்லாமல், அவள் நின்றாள். சிவசைலம் கரை மறைகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவள் பெயரை அவர் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு சீசனிலும் நெல்லையப்பன் வந்து நிற்பார். ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி என்று இருக்கிற அருவிக்கெல்லாம் தம்பியைக் கூட்டிப் போனார். எங்கும் ஊதல்தான் கேட்டது, தலை நனையவில்லை. பாபநாசத்தில் ஆற்றுக்குள் இறக்கினார்கள். ஆறு அவரைச் சுற்றி ஓடியது. நாளாக நாளாக மழையும் அவரை ஒதுக்கிப் பெய்தது. சீசனுக்கு வந்த மதுரை வக்கீல் ஒருவர், பேரருவியில் சிவசைலத்தை ஒட்டி நின்றுகொண்டு சிகரெட் பற்றவைத்து முழுதாகக் குடித்து முடித்தார். முதல் இரண்டு வருடம் இதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. மூன்றாம் வருடம் ஐந்தருவியில் புதிதாகப் போட்ட பஜ்ஜிக் கடைக்கு அதைவிடக் கூட்டம் வந்தது. இளையவள் சண்முகசுந்தரியைப் பெண் கேட்டு வந்தவர்கள், "மூத்ததைத் தலை முழுகியாச்சா?" என்று விசாரிப்பார்கள். "முழுகிக்கிட்டேதான் இருக்கோம்" என்பார் நெல்லையப்பன். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அறுபத்திரண்டில்தான் புளியங்குடி வாத்தியார் ஒருவர், இதையெல்லாம் கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டார்.

இராமலட்சுமிக்கு இதெல்லாம் குற்றாலத்துக் குழல்வாய்மொழியம்மன் செயல். அருவித் தண்ணீர் தாய் மனசு கொண்டது, அதனால்தான் என் பிள்ளையை அறுத்துவிடச் சம்மதிக்கவில்லை என்று நம்பினாள். புருஷனைப் பற்றி அவள் வேறு விதமாக நினைத்தாள். நேரத்துக்குச் சாப்பிட உட்காருகிறவரைப் போல அவர் ஆனி பிறந்ததும், "துண்டை எடு, போவோம்" என்பார். ஒவ்வொரு வருடமும் மகளைக் கொல்லக் கிளம்புகிற மனுஷன் என்று அவளுக்கு வயிறு எரியும். துண்டு பிரிக்காமலே வீடு திரும்பும். அதை அப்படியே பெட்டியில் வைப்பாள். அவருடைய தோல் கோடை வயல் மாதிரி வெடித்தது. தலைமுடியில் உப்புப் பூத்தது. கிட்டே போனால் கருவாட்டு வாசம் அடித்தது. உறவுக்காரர்கள் அவரைப் பந்தியில் ஓரமாக உட்காரவைத்தார்கள். அவளும் எட்டத்திலேயே படுத்தாள். பேச்சு, சோறு வேண்டுமா வேண்டாமா என்ற அளவுக்கு வந்து நின்றது.

அறுபத்து நான்காம் வருடம் தை மாதம் சிவசைலம் இறந்தார். சிற்றாற்றிலிருந்து மேளத்தோடு, உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்து ஊற்றினார்கள்; குடங்கள் காலியாயின, தரை நனைந்தது, அவர் நனையவில்லை. உலர்ந்தபடியே கொண்டுபோய்ச் சிதையில் வைத்தார்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு, சேதி தெரிந்து முத்துவடிவு இரண்டு பிள்ளைகளோடு கப்பலேறி வந்து வாசலில் நின்றாள். நெல்லையப்பன் நிலைப்படிக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பந்தல் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. தலை நனைகிற வரைக்கும் மகள்தான் என்று அவர் சொன்னதைக் கேட்ட சாட்சிகள் பாதிப் பேர் அங்கேயே இருந்தார்கள். அவர் காலை மடக்கிக்கொண்டார். முத்துவடிவு உள்ளே போனாள்.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இராமலட்சுமிக்குத் தெரிந்தது இன்னும் ஒன்று உண்டு. அது அவர் இறப்பதற்கு முந்தைய கார்த்திகையில், அடைமழை பெய்த ஒரு பிற்பகலில் நடந்தது. சிவசைலத்துக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. அவள் நனைத்துப் போட்ட துணியிலிருந்து தண்ணீர் சேம்பிலையில் ஓடுவது போல உருண்டு பாயில் விழுந்தது; நெற்றி கொதித்தபடியே இருந்தது. திரும்பத் திரும்பப் பிழிந்து போட்டாள். பத்து வருடமாக இல்லாத இரக்கம் அவளுக்கு அப்போது வந்தது. அவர் உடம்பு குளிர்ந்தால் போதும் என்று தோன்றியது. மகளைக் கைவிடுவது என்று முடிவு செய்தாள்.

"இங்க பாருங்க. போதும். வெந்து சாகாதீங்க. அவளை நான் விட்டுடுதேன். நானே அம்மன்கிட்ட சொல்லிடுதேன், இனிமே இவரைத் தண்ணி தொடட்டும்னு. தலை முழுகிருங்க" என்று சொல்லி அழுதாள்.

சிவசைலம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கொழும்பில் அலைக்குள் நின்றபோது சிரித்த அந்தச் சிரிப்பு, வெடித்த உதட்டில் வந்தது.

"தண்ணி என்னையத் தொடமாட்டேங்குதுன்னா நெனச்சே, ஏட்டி? நான்லா அதைத் தொட விடாம நிக்கேன்."