வியாழக்கிழமைக் கோழி

பெற்ற பிள்ளைகளைப் பார்க்க வியாழக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம். அதுவும் தன் வீட்டில் இல்லை. நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் சந்திப்பு நிலையத்தில், மிஸ் டெலோரஸ் என்ற மேற்பார்வைக்காரி நோட்டும் பேனாவுமாகப் பார்த்துக்கொண்டிருக்க. பதினான்கு மாதமாக ஷானாவுக்கு வாய்த்தது இதுதான். யாரையும் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. குடித்துவிட்டுக் கத்துவாள். கை ஓங்கியதில்லை, ஆனால் அந்தக் கத்தலுக்கு நாலு அடியே தேவலை என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். கடைசியில் அவர்கள்தான் போலீசைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் மிசஸ் ஹோல்கம் என்பவளின் வளர்ப்பு வீட்டுக்குப் போயின.

இப்போது குடியை விட்டாயிற்று. சலவைக்கடையில் வேலை கிடைத்தாயிற்று. கோபத்தை அடக்கும் வகுப்பில் பன்னிரண்டு வாரம் கைகட்டி உட்கார்ந்து சான்றிதழும் வாங்கியாயிற்று. அடுத்த மாதம் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். மிஸ் டெலோரஸின் நோட்டில் 'குரலை உயர்த்தினாள்' என்று ஒரு வரி இல்லாமல் இருந்தால், சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் அவள் வீட்டுக்கு வரும். இருந்தால் இன்னும் ஆறு மாதம் இதே அறை, இதே நோட்டு.

இந்த வாரம் நிலையத்துச் சமையலறையைக் கேட்டு வாங்கியிருந்தாள். எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்பது அங்கே விதி. போகட்டும், கறியை நீளத் துண்டாக்கி மாவும் தூளும் அப்பிப் பொரிக்கும் சிக்கன் டெண்டரை ஓவனில் சுட்டால் ஆகாதா என்ன? கோழிக்கறி, மாவு, முட்டை, கார்ன்ஃப்ளேக்ஸ் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். மூன்று பேருமாகச் செய்து, மூன்று பேருமாக ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதுகூடவா பேராசை?

"நான்தான் நொறுக்குவேன்! நான்தான்!" ஐந்து வயது கோல்ட்டன் கார்ன்ஃப்ளேக்ஸ் பை மேல் ஏறி உட்காராத குறை.

"நொறுக்குடா பயில்வான். உன் பலத்தைப் பாப்போம்."

"இவனா? இவனுக்கு ஷூ லேஸே கட்டத் தெரியாது," என்றாள் அக்கா கின்ஸ்லி. வயது ஒன்பது, வாய்க்கு மட்டும் நாற்பது.

"போடி குரங்கு!"

உருட்டுக்கட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பையின் மேல் போட்டான். ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு சிரிப்பு. ஷானா கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்தும் போதும் என்று சொல்ல மனசு வரவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பை மாவாகிற வரைக்கும் விட்டுவிட்டாள். கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. பைத்தியக்காரி, அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

பிறகு கறியை நீளநீளமாக அறுத்துக் கொடுத்தாள். மாவில் புரட்டி, முட்டையில் முக்கி, தூளில் அமுக்குவது கின்ஸ்லியின் வேலை.

"அம்மா, நீ கைய வெக்காத. முட்டைக்கு ஒரு கை, தூளுக்கு ஒரு கை. கலந்தா விரல்லாம் உருண்டையா ஒட்டிக்கும்."

"அடேயப்பா! யாருடீ இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா?"

"வீட்ல..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அங்க. மிசஸ் ஹோல்கம் வீட்ல."

ஷானாவுக்குச் சுருக்கென்றது. சிரித்து வைத்தாள். மிஸ் டெலோரஸ் ஏதோ எழுதினாள்.

தட்டு ஓவனுக்குள் போனபோது மணி நாலு பதினைந்து. வேக இருபது நிமிடம் வேண்டும். சந்திப்பு நாலரைக்கு முடிகிறது. கணக்குப் போடப் பெரிய படிப்பு எதற்கு? டெலோரஸ் பக்கம் திரும்பினாள்.

"ஒரு பத்து நிமிஷம் கூட்டிக் கொடுங்களேன் மேடம். பசங்க ஆசையா செஞ்சது."

"எனக்கென்னம்மா ஆட்சேபணை? அடுத்த குடும்பம் வெளிய காத்துக்கிட்டிருக்கு. மிசஸ் ஹோல்கமும் வந்தாச்சு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு?" நல்ல மனுஷிதான் டெலோரஸ். நல்ல மனுஷிக்கும் நாலரை என்றால் நாலரைதான்.

நாலு இருபத்தெட்டுக்கு ஷானா தட்டை வெளியே எடுத்தாள். மேலே பார்க்கப் பொன்னாகத்தான் இருந்தது. ஒன்றைக் கத்தியால் பிளந்தாள். உள்ளே ரோஜா நிறத்தில் ஈரமாக, பச்சையாக இருந்தது.

"வேகலடா கண்ணா. இன்னிக்கு வேணாம். அடுத்த வாரம்..."

"நான்தானே நொறுக்குனேன்! சாப்பிடலாம்னு சொன்னியே! பொய் சொல்லிட்டே!" கோல்ட்டன் தரையில் உட்கார்ந்து ஓவென்று ஆரம்பித்தான். டெலோரஸ் பேனா மூடியைத் திறந்தாள்.

அந்தப் பேனாவைக் கின்ஸ்லி பார்த்தாள். எதை எழுதினால் என்ன ஆகும் என்பது அந்த அறைக்கு வந்துபோகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிளந்து வைத்திருந்த துண்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"வெந்துடுச்சு! சூப்பரா இருக்கு. மிஸ் டெலோரஸ், அம்மா நல்லா பண்ணியிருக்காங்கன்னு எழுதிக்கோங்க." மென்றுகொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். இன்னொரு துண்டைத் தம்பியின் வாயருகே கொண்டுபோனாள். "அழாத, சாப்பிடுடா." அவனும் அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தான்.

"துப்பு!"

பதினான்கு மாதமாக அடக்கி வைத்திருந்த குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"துப்புடீ! பச்சைக் கறிடீ அது! அவனுக்குக் குடுக்காத!"

மகளின் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள். கின்ஸ்லி அதில் துப்பினாள். துப்பியதும் தம்பியை இழுத்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். மாவும் முட்டையும் அப்பிய கைகளால் அவன் இரண்டு காதையும் பொத்தினாள். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பழைய வீட்டில் அம்மா கத்தும்போதெல்லாம் இப்படித்தான் நிற்பாள். கோல்ட்டன் அசையவில்லை. அவனுக்கும் அது பழக்கம்தான்.

"பச்சையா இருந்துச்சு, அதனாலதான் நீ கத்துனதாவும் சேத்து எழுதுறேன், ஷானா," என்றாள் டெலோரஸ் மெதுவாக. "ஆனா கத்தலைன்னு எழுத முடியாதும்மா."

"எழுதுங்க."

ஷானா முழங்காலிட்டாள். உள்ளங்கையில் மென்ற கறி அப்படியே இருந்தது. மகளைத் தொடப் பயமாக இருந்தது.

"உன் மேல கோவமில்லடீ கண்ணு. சத்தியமா இல்ல. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல."

கின்ஸ்லி கண்ணைத் திறக்கவில்லை. தம்பியின் காதிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள்.