ஜாடியில் நின்ற பத்து

ஸ்க்ரப்பர் ஆப்பரேட்டரின் மகளுக்கு ஆறு வயது. ஏழு மாதமாக அவள் அப்பாவின் மடியில் உட்காரவில்லை. சாப்பிடும்போதுகூட மேசையின் அந்தக் கோடிக்குப் போய்விடுவாள். காரணம், அவர்மேல் வீசிய அழுகிய முட்டை நாற்றம். மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்தாலும் அது போவேனா என்றது. மனைவி மட்டும் பெரிய மனசு பண்ணிப் பக்கத்தில் உட்காருவார், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

வேலை அப்படி. ஆலையின் கெட்ட வாயு ஸ்க்ரப்பர் என்ற கோபுரத்தின் அடியில் நுழைந்து மேலே ஏறும். மேலிருந்து காஸ்டிக் சோடா கரைத்த நீர் மழையாகக் கொட்டி அதைக் கழுவும். கழுவக் கழுவ நீரின் வீரியம் குறையும். அடித் தொட்டியில் முங்கியிருக்கும் ஒரு கண்ணாடிக் குச்சி அதை அளந்து மீட்டருக்குச் சொல்லும். பத்து இருந்தால் நல்லது. குறைந்தால் பம்ப் தானாகத் தொட்டியில் காஸ்டிக் ஊற்றும். அந்தக் குச்சி ஒழுங்காக இருந்தால் ஊரே நிம்மதியாக மூச்சு விடலாம்.

ஏழு மாதத்துக்கு முன்பு குச்சியில் உப்புப் படிந்து எண் தாறுமாறாக ஆடியது. மெக்கானிக் அதைக் கழற்றிக் கழுவி, மீட்டரைச் சரிபார்க்க வைத்திருந்த கரைசல் ஜாடியில் முக்கினார். அந்தக் கரைசல் எப்போதும் பத்துதான் காட்டும், அதற்கென்றே செய்தது. அந்த நேரம் பார்த்தா மேனேஜர் வர வேண்டும்?

"எவ்வளவு காட்டுது?"

"பத்து சார். இனிமே எடுத்துத் தொட்டியில போட்டுட்டு..."

"ஆடலையே."

"ஜாடியில ஆடாது சார்."

"அப்ப அங்கேயே இருக்கட்டும்."

அங்கேயே இருந்தது. பம்ப் தூங்கப் போனது. தொட்டியில் வெறும் அழுக்கு நீர் சுற்றியது. மீட்டரில் மட்டும் அசையாத பத்து. மேனேஜர் வாசலில் பலகை மாட்டினார்: 'பத்து நிலைத்த நாட்கள்'. ஜாடிக்குக் கண்ணாடி அலமாரி வந்தது, ஏசி வந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே மீட்டரைப் பார்த்து, பாராட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவர் கண்ணில் நீர் வழிந்தது. மகிழ்ச்சி என்று மேனேஜர் எல்லோரிடமும் சொன்னார்.

ஆப்பரேட்டர் சும்மா இருக்கவில்லை.

"சார், குச்சி தொட்டியில இருந்தாத்தான் நாத்தம் போகும்."

"தொட்டியில போட்டா எண் என்ன ஆகும்?"

"ஆறுக்கு இறங்கும் சார்."

"நல்லா இருக்கிற எண்ணை ஏன்யா கெடுக்கப் பாக்கறே?"

குச்சியைத் தொடுகிறவருக்கு வேலை இல்லை என்று அன்றே சுற்றறிக்கை வந்தது. இதற்கு மேல் என்னத்தைப் பேச?

வீட்டுக்குப் போனார். மகள் வரைந்த குடும்பப் படம் சுவரில் ஒட்டியிருந்தது. அம்மாவும் அவளும் வீட்டுக்குள்; அப்பா தெருவுக்கு அந்தப் பக்கம், பச்சை நிறத்தில். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சுற்றறிக்கையை வரி விடாமல் படித்தார். குச்சியைத் தொடக்கூடாது, சரி. அடுத்த வரி: ஜாடியின் திரவத்தை ஆப்பரேட்டர் அவ்வப்போது மாற்ற வேண்டும். எந்தத் திரவம் என்று அந்த மகராசன் எழுதவில்லை.

ஆப்பரேட்டர் மக்கை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். ஒரு மக் நீர் மொண்டு வந்து, ஜாடியில் இருந்ததைக் கொட்டிவிட்டு ஊற்றினார். மீட்டர் ஆறு காட்டியது. ஏழு மாதம் தூங்கிய பம்ப் விழித்துக்கொண்டு தொட்டியில் காஸ்டிக்கைக் கொட்டத் தொடங்கியது. மேனேஜர் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"என்னய்யா ஆச்சு ஜாடிக்கு?"

"திரவம் மாத்தினேன் சார். குச்சியைத் தொடவே இல்ல. புதுசுக்குப் பழகணும்ல."

"எப்பத் தேறும்?"

"மணிக்கு ஒருதரம் மாத்தினா சாயங்காலத்துக்குள்ள தேறிடும்."

மேனேஜர் அலமாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. தொட்டியிலிருந்து மணிக்கொரு மக் வந்தது. ஆறரை, ஏழே கால், எட்டரை. ஐந்து மணிக்குப் பத்து. பம்ப் நின்றது. யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். ஏழு மாதத்தில் முதல் முறையாக, உள்ளே காற்று வருவதற்காக.

மேனேஜர் மூச்சை நன்றாக இழுத்து விட்டார். "பாத்தியா, ஜாடியை ஒழுங்காக் கவனிச்சா நாத்தமே இல்ல. இத்தனை நாள் நீ கவனிக்கல."

ஏழு மாத அலட்சியத்துக்கு ஆப்பரேட்டருக்கு மெமோ கிடைத்தது. இனி எல்லா ஷிப்டிலும் மணிக்கொரு மக் கட்டாயம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், மகள் மெல்ல அருகில் வந்தாள். சட்டையை முகர்ந்தாள். கழுத்தை முகர்ந்தாள். முகம் சுருங்கியது.

"என்னம்மா, இன்னும் இருக்கா?"

"இல்லப்பா. முன்னெல்லாம் நீ தெருமுனையில வரும்போதே தெரியும். டிவியை அணைச்சிட்டுப் புக்கை எடுத்து வெச்சுக்குவேன். இனிமே எப்படித் தெரியும்?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் மடியில் ஏறி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நாளையிலேர்ந்து அங்கேயே நின்னு இருமிட்டு வாப்பா."

மறுநாள் மாலை, சளி இருமல் எதுவும் இல்லாத அந்த மனிதர் தெருமுனையில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி இருமினார்.