முன்பின் தெரியாதவள்

தையல்காரி இணையத்தில் வகுப்பு தொடங்கியதும் முதலில் பணம் கட்டியவள் அவளுடைய அக்கா. இரக்கக் காசு வேண்டாமென்று தையல்காரி அந்தச் சேர்க்கையை ரத்து செய்து, பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி சேர்ந்தால்தான் இது தொழில் என்று பிடிவாதம்.

இன்று காலை ஏதோ ஒரு புதுப் பெயரில் கட்டணம் வந்தது. உடனே அக்காவை அழைத்தாள்.

"வேற பேர்ல கட்டினியா?"

"அடிப்பாவி! ஒரு தடவை மூக்கறுத்தது போதாதா?"

அதற்குள் வகுப்புப் பக்கத்தில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"பணம் கட்டிட்டேன் டீச்சர். நான் ஜாக்கெட் தைச்சா, கை சேர்ற இடத்துல கைக்குழி இழுத்துப் பிடிக்குது. அது எந்தப் பாடத்துல வரும்?"

அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

"அக்கா, நீ இல்ல!" என்று தையல்காரி கூவினாள். "சத்தியமா நீ இல்லக்கா!"

"அதைத்தானேடி சொல்றேன்!" என்று அக்காவும் சேர்ந்து கூவினாள்.