வலது பக்கத்து மருந்து

பல் ஆஸ்பத்திரியில் காத்தமுத்துவின் வாயை நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இடது பக்கம் மரத்துப்போக ஒரு ஊசி. வலது பக்கம் வேறொன்று. எது நன்றாகப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

அவனுக்கு வலித்தது ஒரே ஒரு பல். இடது கடைவாய்.

"வலது பக்கம் நல்ல பல்லுங்களே," என்றான்.

"ஒண்ணை வச்சு எப்படிய்யா ஒப்பிடுறது?" என்றார் டாக்டர்.

அதுவும் சரிதான் என்று அவனுக்குப் பட்டது.

இடது பல்லைப் பிடுங்கினார்கள். உயிர் போய் வந்தது.

"வலிச்சுதா?" என்று கேட்டாள் நர்ஸ். கையில் அட்டை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை கட்டம்.

"பரவாயில்லைங்க."

சிமெண்டு மூட்டை இறக்குகிறவன். மூட்டை காலில் விழுந்த அன்றும் மேஸ்திரியிடம் இதைத்தான் சொன்னான். வேறு பதில் வாயில் பழகவில்லை.

நர்ஸ் பூஜ்யம் போட்டாள்.

வலது பல்லைப் பிடுங்கினார்கள். ஒன்றுமே தெரியவில்லை. கதவுக்கு வெளியே ஒரு பெண் அலறினாள். கூட வந்திருந்த அவன் பெண்டாட்டி செல்லக்கிளி.

"அவளுக்கு என்னங்க ஆச்சு?"

"இந்த மருந்து வலியை வெளியே அனுப்பிடும். கூட வந்தவங்க வாங்கிக்குவாங்க. உனக்கு வலிச்சுதா?"

"எனக்கு இல்லைங்க. அவளுக்கு..."

"அவங்களுக்குக் கட்டம் கிடையாது."

இன்னொரு பூஜ்யம்.

"ரெண்டும் சமம்," என்றார் டாக்டர். "பக்கத்துக்கு இன்னும் ரெண்டு எடுத்துப் பார்ப்போம்."

வெளியிலிருந்து செல்லக்கிளி கத்தினாள். "யோவ், அடுத்ததை எடுக்கையிலே சொல்லிட்டு எடுக்கச் சொல்லு! நான் பல்லைக் கடிச்சுக்கிறேன்."

காத்தமுத்து டாக்டரின் கையைப் பிடித்தான். "டாக்டரய்யா, பொய் சொல்லிட்டேன். இடது பக்கம் பத்துங்க. தாங்க முடியலை."

டாக்டர் முகம் மலர்ந்தது. "முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப வலது மருந்துதான் நல்லது. மிச்சம் முப்பதையும் அதுலயே எடுத்துடலாம்."

நர்ஸ் ஊசியை ஏற்றினாள். வெளியே செல்லக்கிளி பெஞ்சின் காலைப் பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மருந்தே வேணாங்க. சும்மா எடுங்க."

"அதுக்குத் தனி அறை. நேராப் போ."

தாழ்வாரம் அவன் நடக்க நடக்க நீண்டது. கடைசியில் கதவு வந்தது. உள்ளே நாற்பது ஆம்பிளைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டுப் பெண்கள் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். கடைசியில் செல்லக்கிளி. கையை மடித்துத் தலைக்கு வைத்திருந்தாள்.

ஒரு கிழவர் நகர்ந்து இடம் விட்டார். காத்தமுத்து உட்கார்ந்து வாயைத் திறந்தான்.